துறவி நண்டுக்குக் கட்டைவிரல் இல்லை

கடல்காட்சிக் கூடத்தில் அவரை உப்பு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு கண்ணாடித் தொட்டிகளிலும் காலையில் தண்ணீர் எடுத்து உப்பு சரியாக இருக்கிறதா என்று அளப்பதும், வடிகட்டிகளைக் கழுவுவதும், தீனி நறுக்கிப் போடுவதும் அவர் வேலை. பம்ப் ஓடும் சத்தத்தில் லேசாக இழுப்பு தெரிந்தாலும் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிக்கொண்டு ஓடுவார். இருபத்துநாலு வருடமாக இதே கூடம், இதே ஓட்டம்.

அந்தப் பெயர் அவருக்கு வேறு ஒரு விதத்திலும் பொருந்தியது. யாராவது ஒரு சொல் கூடுதலாகச் சொல்லிவிட்டால் போதும், "நானும் உப்புப் போட்டுத்தான் சாப்பிடறேன்" என்று எழுந்துவிடுவார். மைத்துனரின் புது வீட்டுக்குப் போன அன்று, உட்காரச் சொல்ல ஒரு நிமிடம் தாமதமானது என்பதற்காக வாசலோடு திரும்பி வந்தவர் அவர். "உங்க தட்டுல மட்டும் உப்புக்கு எனக்குக் கை தவறிடுது போல" என்பாள் மனைவி.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த ரோஷம் உச்சத்தைத் தொட்டது. அந்த வருடத்தின் சிறந்த பணியாளர் என்று கூடத்தில் அவருக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள். மொத்தமே ஏழு பேர் வேலை செய்யும் இடத்தில் அந்த முறை தன்னிடம் வந்துசேர இருபத்தோரு வருடம் ஆனதை அவர் அப்போது யோசிக்கவில்லை. கைபேசியில் குடும்பக் குழுவைத் திறந்து, இருபத்தேழு வரி எழுதினார். காலமான அப்பா அம்மாவிலிருந்து மூன்றாம் தொட்டியின் வடிகட்டி வரை எல்லாருக்கும் நன்றி சொன்னார். குழுவை நடத்தும் சித்தி பூங்கொத்துப் படம் போட்டாள். மாமா ஒருவர் "சூப்பர்" என்றார். அவருடைய ஒரே தங்கை, சின்ன வயதில் அவர் முதுகில் தொற்றிக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள், ஒரு கட்டைவிரல் அனுப்பினாள். மஞ்சள் நிறத்தில், ஒன்றே ஒன்று.

பின்னால் வார்த்தை ஏதாவது வரும் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தார். வரவில்லை. இருபத்தேழு வரிக்கு ஒரு விரலா என்று மனசு கொதித்தது. குழுவை விட்டு வெளியேறினார். "வெளியேறினார்" என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி விழுந்திருக்கும், எல்லாரும் பதறிப்போய்த் தேடி ஓடி வருவார்கள் என்று நினைத்தார். குழுவில் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று மனைவியின் கைபேசியில் ஓரக்கண்ணால் பார்த்தார். சித்தி ஒரு ரோஜாப் படம் போட்டு இனிய மாலை வணக்கம் சொல்லியிருந்தாள். அவ்வளவுதான்.

அதிலிருந்து தங்கையோடு பேச்சு நின்றது. அவள் திரைச்சீலை தைக்கும் கடை, கூடத்திலிருந்து மூன்று பேருந்து நிறுத்தம் தள்ளி இருந்தது. தினமும் அந்த வழியாகப் போகும்போது கடை இருக்கும் பக்கத்தில் உட்காராமல் எதிர்ப்பக்கம் உட்காருவார். மனைவி எப்போது அந்தப் பேச்சை எடுத்தாலும் கையை உயர்த்திவிடுவார். கைபேசியில் அரட்டை அடிப்பதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்கள் செய்வது என்று வீட்டிலும் கூடத்திலும் அறிவித்துவிட்டார்.

அப்படிப்பட்டவரை ஒரு திங்கட்கிழமை மேலாளர் அம்மா கூப்பிட்டாள்.

"உப்பு சார், கூட்டமே வரலை. நமக்குன்னு இணையத்துல ஒரு பக்கம் வேணும். நீங்கதான் பாத்துக்கணும்."

"நானா? எனக்கு அதெல்லாம் பிடிக்காது மேடம்."

"பிடிக்க வேண்டாம், எழுதினா போதும். டிக்கெட் அக்காவுக்குக் கவுன்ட்டர் இருக்கு. வழிகாட்டி தம்பி வாயாலயே பேசித் தீத்துடறான், கைக்கு ஒண்ணும் மிஞ்சாது. பம்ப் அறையில உக்கார உங்களுக்குத்தான் நேரம் இருக்கு."

பம்ப் அறையில் உட்கார்ந்திருப்பது வேலை இல்லை என்று மேலாளர் நினைக்கிறாள் என்பதே ஒரு கோபத்துக்குப் போதும். ஆனால் எழுந்து போக வேறு கூடம் இல்லை.

தன் பெயரில் எழுத வெட்கமாக இருந்தது. நான்காம் தொட்டியில் ஒரு துறவி நண்டு இருந்தது. பின்னுடம்பு மெத்தென்று இருப்பதால் செத்துப்போன நத்தையின் காலி ஓட்டுக்குள் அதை நுழைத்துக்கொண்டு அலையும் வகை. கண்ணாடியில் விரலால் தட்டினால் ஓட்டுக்குள் போய், பெரிய கொடுக்கால் வாசலை அடைத்துக்கொள்ளும். பார்க்க வந்தவர்கள் "இதுல என்ன இருக்கு, கல்லுதானே" என்று நகர்ந்துவிடுவார்கள். யாரும் கண்டுகொள்ளாத அதன் பெயரில் எழுதினால் யாரும் தன்னையும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று கணக்குப் போட்டார்.

பக்கத்தைத் தொடங்குவதற்கே ஒரு மதியம் போயிற்று. பிறந்த தேதி கேட்டது. நண்டுக்கு நான்கு வயதிருக்கும் என்று தோராயமாகப் போட்டார். பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. தன் பிறந்த தேதியையே கொடுத்தார். நண்டுக்கு ஐம்பத்தொரு வயதானது. அப்புறம், நீங்கள் இயந்திரம் இல்லை என்று நிரூபியுங்கள் என்று ஒன்பது கட்டங்களைக் காட்டி, சாலை விளக்கு இருப்பவற்றைத் தொடச் சொன்னது. மூன்று முறை தவறாகத் தொட்டார். அந்த எரிச்சலிலேயே முதல் பதிவு பிறந்தது.

"வணக்கம். நான் துறவி நண்டு. நான் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்கச் சாலை விளக்கைக் காட்டச் சொல்கிறார்கள். நான் வாழ்நாளில் சாலையையே பார்த்ததில்லை. பெயர்தான் துறவி. வீட்டை முதுகில் தூக்கிக்கொண்டு அலைகிறேன். அந்த வீடும் என்னுடையது இல்லை."

மறுநாள் காலையில் நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். உப்பு சாருக்கு அது பழக்கமில்லை. அவர் பேசி யாரும் சிரித்ததில்லை. அவரைப் பார்த்துச் சிரித்ததுண்டு, அது வேறு. தீனி நறுக்கிக்கொண்டே அடுத்ததை யோசித்தார்.

"அஞ்சாலை மீனிடமிருந்து நட்புக் கோரிக்கை வந்திருக்கிறது. பாம்பு மாதிரி உடம்பு, வாய் நிறையப் பல். நமக்குப் பொதுவான நண்பர்கள் மூன்று பேர் என்று காட்டுகிறது. விசாரித்தேன். மூவரும் இப்போது அஞ்சாலையின் வயிற்றில் நலமாக இருக்கிறார்கள்."

"இருப்பிடத்தைப் பகிரலாமா என்று தினமும் கேட்கிறார்கள். நான்காம் தொட்டி, இடது மூலை, கல்லுக்குப் பின்னால். நேற்றும் இதேதான். நாளைக்கும் இதேதான். உங்களுக்கு எதற்கு வீண் சிரமம்?"

"என் கடவுச்சொல் பலவீனமாக இருக்கிறதாம். ஐயா, என் உடம்பே பலவீனம். அதனால்தானே ஓடு."

ஒரு மாதத்தில் பின்தொடர்பவர்கள் நான்காயிரம். மேலாளர் அம்மா தேநீர் வாங்கிக் கொடுத்தாள். வீட்டில் மனைவி சோபாவில் சாய்ந்தபடி சத்தமாகப் படித்துக் காட்டிச் சிரிப்பாள். "இந்த நண்டு பேசறது அசப்புல உங்களை மாதிரியே இருக்கு. ஆனா இது நல்லாப் பேசுது" என்றாள் ஒருநாள். எழுதுவது வழிகாட்டி தம்பி என்று அவள் நினைத்திருந்தாள். உப்பு சார் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். அது அன்றைய தாளும் இல்லை.

இரண்டாம் மாதத்தில் அவர் எழுதிய ஒரு பதிவுதான் வினையாயிற்று. உள்ளே ஆறாமல் கிடந்தது தானாக வெளியே வந்துவிட்டது.

"எல்லாரும் எல்லாவற்றுக்கும் கட்டைவிரல் காட்டுகிறார்கள். பிறந்தாலும் கட்டைவிரல், பல் பிடுங்கினாலும் கட்டைவிரல். எனக்குப் பத்துக் கால். அதில் கட்டைவிரல் ஒன்றுகூட இல்லை. பாராட்டலாம் என்று கொடுக்கை நீட்டினால் எதிரில் இருப்பவர் ஓடிவிடுகிறார்."

அதன் கீழே 'ஊசிநூல்' என்ற பெயரில் ஒரு கருத்து விழுந்தது. "நண்டு சார், எங்க அண்ணன் ஒருத்தர் இருக்கார். ஒரே ஒரு கட்டைவிரலைப் பாத்துட்டு மூணு வருஷமா ஓட்டுக்குள்ளயே இருக்கார்."

பக்கத்தில் சின்னப் படம். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட திரைச்சீலை. அந்தக் கடையின் கண்ணாடியில் அதைப் பார்க்கக் கூடாது என்றுதானே அவர் இத்தனை நாள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்.

கருத்தை அழிக்கலாம் என்று போனார். அதற்குள் இருநூறு பேர் சிரித்திருந்தார்கள். அழித்தால் ஏன் என்று கேட்பார்கள். நண்டு எல்லாருக்கும் பதில் சொல்கிற நண்டு. இதற்கு மட்டும் சொல்லாவிட்டால் சந்தேகம் வரும். "உங்கள் அண்ணன் எந்த வகை நண்டு, அக்கா?" என்று எழுதிவைத்தார்.

"வகை தெரியலை. தொட்டா உள்ள போயிடுவார். தொடாம விட்டா, ஏன் யாரும் தொடலைன்னு அதுக்கும் கோவிச்சுப்பார்."

முந்நூறு பேர் சிரித்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர், "இவரை எனக்குத் தெரியும், எங்க வீட்லயும் இருக்கார்" என்று எழுதினார். உப்பு சார் பம்ப் அறையின் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, ஊரே கூடித் தன்னைக் கிண்டல் செய்வதை வரிவரியாகப் படித்தார். கோபம் வரவேண்டிய இடம். வழக்கமாக இந்நேரம் எழுந்து நடந்திருப்பார். எங்கே எழுந்து போவது? நண்டாக இருந்துகொண்டு அண்ணனுக்குப் பரிந்து பேசவும் முடியாது. வேறு வழியில்லாமல், "அந்த அண்ணனை வெந்நீரில் போட்டாலும் வெளியே வரமாட்டார், அக்கா. நிறம்தான் மாறும்" என்று எழுதினார். எழுதிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அது ஒரு வினோதமான சிரிப்பு. தன் முதுகைத் தானே முதல் முறையாகப் பார்த்தவனின் சிரிப்பு.

அதிலிருந்து ஊசிநூல் தினமும் வந்தாள். கொஞ்ச நாளில் தனிச்செய்தி அனுப்பத் தொடங்கினாள். தையல் இயந்திரம் மக்கர் செய்ததைச் சொன்னாள், ஜன்னலை அளக்காமலே திரைச்சீலை கேட்கும் வாடிக்கையாளர்களைப் பற்றிப் புலம்பினாள், நடுநடுவே அண்ணனையும் சொன்னாள். மழையில் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு போய் இருவரும் சாக்கடையில் விழுந்த கதையை அவள் எழுதியபோது, அது சாக்கடை இல்லை, வாய்க்கால் என்று திருத்தப்போய்க் கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டார்.

நான்காம் மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை மதியம். தீனி போட்டு முடித்து, ஈரக் கையோடு வாளிமேல் உட்கார்ந்தார். அவளிடமிருந்து நீளமான செய்தி வந்திருந்தது.

"நண்டு சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அண்ணன் அந்த நல்ல சேதியைப் போட்ட அன்னைக்கு எனக்கு மெஷின் ஊசி ஆள்காட்டி விரல் நகத்துல ஏறிடுச்சு. கட்டுப் போட்டுட்டு மருத்துவமனைல உக்காந்திருந்தேன். இன்னொரு கையில மருந்து ஏறுது. அண்ணன் எழுதின எல்லாத்தையும் படிச்சேன், அழுகை வந்துடுச்சு. ஆனா வேலை செஞ்சது ஒரு கட்டைவிரல்தான், அதைத்தான் அனுப்பினேன். வீட்டுக்குப் போய் எழுதலாம்னு பாத்தா வெளியேறினார்னு இருக்கு. எனக்கும் கோவம் வந்துடுச்சு. இப்போ நானே போய்ப் பேசலாமான்னு இருக்கு. ஓட்டுக்குள்ள இருக்கறவங்களுக்கு வெளியிலேர்ந்து தட்டினா பிடிக்குமா, பிடிக்காதா? உண்மையைச் சொல்லுங்க."

உப்பு சார் அதை நான்கு முறை படித்தார். மனைவி ஒருமுறை "உங்க தங்கச்சிக்கு அன்னைக்கு விரல்ல" என்று தொடங்கியதும், அவர் கையை உயர்த்தியதும் நினைவுக்கு வந்தது. அவளை அதற்கு மேல் பேச விட்டிருந்தால் பன்னிரண்டு சொல்லில் முடிந்திருக்கும் சமாச்சாரம்.

பதில் எழுதினார். "தட்டுங்கள் அக்கா" என்றார். அழித்தார். நண்டின் பேச்சைக் கேட்டு அவள் வீட்டுக்கு வந்தால், அங்கே அண்ணனாகக் கதவைத் திறப்பவன் யார்? "நான்தான்" என்று எழுதினார். அழித்தார். "நான் உண்மையில் நண்டு இல்லை" என்று எழுதிப் பார்த்தார். படிக்கவே அசிங்கமாக இருந்தது. இருபத்தேழு வரி எழுதினார். எண்ணிப் பார்த்துப் பயந்து அதையும் அழிக்கத் தொடங்கினார்.

இடையில் அவளிடமிருந்து வந்தது. "நண்டு சார், அரை மணி நேரமா எழுதிக்கிட்டே இருக்கீங்கன்னு காட்டுது. பத்து காலாலயும் எழுதறீங்களா?"

பதற்றத்தில் மிச்சமிருந்த எழுத்துகளையும் துடைத்தார். அந்தச் செயலியில் ஒரு வில்லங்கம் இருந்தது. எழுதும் பெட்டி காலியானால், அனுப்பும் பொத்தான் இருந்த இடத்தில் ஒரு கட்டைவிரல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவருடைய ஈர விரல் வழுக்கி அதன்மேல் பட்டது.

திரை நடுவில் பெரிதாக, மஞ்சளாக, ஒன்றே ஒன்று போய் விழுந்தது.

அவள் பார்த்துவிட்டதற்கான அடையாளம் உடனே வந்தது. அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது. "மன்னிக்கணும், கை தவறி" என்று அவசரமாக அடித்து அனுப்பினார். இந்த நபருக்கு நீங்கள் செய்தி அனுப்ப முடியாது என்றது திரை. அவள் நண்டைத் தடுத்துவிட்டாள். ஒரே ரத்தம் அல்லவா.

உப்பு சார் எழுந்தார். இந்த முறை கோபித்துக்கொண்டு அல்ல. ரப்பர் பூட்ஸைக் கழற்றவும் தோன்றாமல், கழுத்தில் அடையாள அட்டையோடு, மீன் வாடையோடு பேருந்தில் ஏறினார். பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சுளித்து நகர்ந்தது உறைக்கவில்லை. மூன்றாம் நிறுத்தத்தில் இறங்கி, நீலத் திரைச்சீலை தொங்கிய கண்ணாடிக் கதவைத் தள்ளினார்.

தங்கை மேசைமேல் துணியை விரித்துச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தவள் முகத்தில் முதலில் வந்தது பயம்தான்.

"என்ன அண்ணே? அண்ணிக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"இல்லை, நல்லா இருக்கா."

"அப்புறம்?"

"கை தவறிப் பட்டுடுச்சு."

"என்னது?"

"அந்த விரல். நான் வேணும்னு அனுப்பலை. எழுதினதையெல்லாம் அழிச்சா, அந்த இடத்துல அது வந்து உக்காந்துக்குது. கை வேற ஈரம்."

அவள் அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பூட்ஸைப் பார்த்தாள். சுண்ணாம்புக் கட்டி கையிலிருந்து நழுவித் துணிமேல் உருண்டது.

"அந்த நண்டு... நீங்களா? அங்க வேற யாரோ எழுதறாங்கன்னுல்ல நினைச்சேன்."

தலையை ஆட்டினார்.

"மூணு மாசமா?"

"நாலு ஆகப்போகுது. உனக்குத்தான் மூணு."

"உங்களை வெந்நீர்ல போட்டாலும் வெளிய வரமாட்டீங்கன்னு எழுதினது?"

"நான்தான். சரியாத்தானே எழுதியிருந்தேன்?"

சிரிக்கக் கூடாது என்று அவள் உதட்டைக் கடித்தாள். முடியவில்லை, பீறிட்டுக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே முகம் மாறியது.

"எவ்ளோ அழுத்தம் அண்ணே உங்களுக்கு! நான் பைத்தியக்காரி மாதிரி ஒரு நண்டுகிட்ட உக்காந்து கொட்டியிருக்கேன். எல்லாத்தையும் படிச்சுட்டுச் சும்மா இருந்திருக்கீங்க. என்கிட்டப் பேச உங்களுக்கு வேஷம் வேண்டியிருந்துச்சா? அந்த நண்டு உங்களைவிட நல்ல மனுஷன்."

நண்டாக இருந்தால் ஏதாவது தோன்றியிருக்கும். வெறும் கையோடு நின்றவருக்கு ஒன்றுதான் வாயில் வந்தது.

"விரலைக் காட்டு."

அவள் தயங்கி, வலது கை ஆள்காட்டி விரலை நீட்டினாள். நகம் நடுவில் பிளந்து கோணலாக வளர்ந்திருந்தது. அவர் அதைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப வலிச்சுதா?"

"மூணு வருஷம் கழிச்சுக் கேக்கறீங்க."

"ஆமா. தப்புதான்."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அவள் கேட்டதே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசரமாகத் துணிப்பக்கம் திரும்பினாள். "வந்தது வந்தீங்க, அந்த முனையைப் பிடிங்க. எட்டு மீட்டர், ஒத்தை ஆளா இழுக்க முடியலை. முதல்ல கையைக் கழுவுங்க, மீன் நாத்தம் துணியில ஏறிடும்."

கழுவிவிட்டு வந்து பிடித்தார். "இன்னும் இழுங்க" என்றாள். இழுத்தார். "அவ்ளோ இழுக்கச் சொல்லலை. கயிறு இழுக்கற போட்டியா இது?" என்றாள். உப்பு சாருக்குச் சுருக்கென்றது. வேலை செய்கிற இடத்தில் வேலையை விட்டுவிட்டு வந்தவனுக்கு இந்த மரியாதையா? துணியைப் போட்டுவிட்டுக் கதவைப் பார்த்தார்.

"போறதுன்னா போங்க," என்றாள் அவள், கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்காமல். "திரும்ப வர இன்னொரு மூணு வருஷம் ஆகும். எனக்கு அறுபது நெருங்கிடும்."

"உனக்கு நாப்பத்தாறுதான் ஆகுது."

"உங்களோட ரெண்டு கோவம் பாத்தா அறுபது."

அவர் குனிந்து முனையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"குழுல என்னைத் திரும்பச் சேத்துவிடேன்," என்றார் மெதுவாக.

"நான் எங்க சேக்கறது? எல்லாம் சித்தி கையில. நீங்க போனதுமே சொல்லிட்டாங்க, இனி வந்தா அஞ்சு வரிக்கு மேல எழுதக் கூடாதுன்னு."

"அஞ்சு வரியில நான் என்னத்த எழுதறது?"

"நண்டு எழுதலையா?"

அப்போது அவருடைய கைபேசி அடித்தது. மேலாளர் அம்மா. துணியை முழங்கையில் இடுக்கிக்கொண்டு எடுத்தார்.

"உப்பு சார், எங்க இருக்கீங்க? ஆறாம் தொட்டி பம்ப் ஒரு மாதிரி இழுக்குது, உங்களைக் காணோம்."

"தங்கச்சி கடையில இருக்கேன் மேடம்."

"உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களா? இத்தனை நாள்ல ஒருதடவைகூடச் சொன்னதில்லையே."

"இருக்கா மேடம்," என்றார் உப்பு சார். "பக்கத்துலதான் இருக்கா, மூணே நிறுத்தம். அரை மணியில வந்துடறேன். அதுவரைக்கும் ஆறாம் நம்பர் ஸ்விட்சை அணைச்சு வையுங்க, பக்கத்துல இருக்கற சின்னக் காத்துக்குழாயைத் திறந்துவிடுங்க, அது தாங்கும்..."

"அண்ணே, துணி!" என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள் அவள். "தரையில புரளுது பாருங்க!"